ஒண்ணு, ரெண்டு, சுடு

உங்களை நோக்கி ஒருவர் துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தபோது நீங்கள் சிரித்திருக்கிறீர்களா? என் முதலாளி முப்பத்தொரு வருடமாகச் சிரித்திருக்கிறார். சாதாரண நாளில் மூன்று தடவை, சனிக்கிழமையானால் ஏழெட்டுத் தடவை.

அவர் நடத்துவது போட்டோ ஸ்டுடியோ. நான் அங்கே படங்களைத் திருத்துகிறவன். முகத்திலிருக்கும் பருவை எடுப்பேன், மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தை அழிப்பேன், ஒருவர் கண்ணை மூடிவிட்டால் இன்னொரு படத்திலிருந்து திறந்த கண்ணைக் கொண்டுவந்து வைப்பேன். படம் எடுக்கும் உள்ளறையில் ஒரு சுவர் முழுக்கச் சாமான்கள் தொங்கும். பட்டாளத்துக் கோட்டு நான்கு, தொப்பிகள், ஓடாத ரேடியோ ஒன்று, பழைய துப்பாக்கி ஒன்று. வருகிறவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நின்றால், அந்தக் காலத்துப் போர்வீரன் மாதிரி பழுப்பு நிறத்தில் படம் போட்டுத் தருவோம். கடை ஓடுவதே அந்தப் படத்தால்தான்.

"சிரிங்கன்னு சொன்னா எவனும் சிரிக்க மாட்டான். சுடுன்னு சொல்லு, தன்னால சிரிப்பான்" என்பார் முதலாளி. காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என்னையே பாருங்க, என் நெத்தியைப் பாருங்க. ஒண்ணு, ரெண்டு, சுடு" என்பார். அவர்கள் விசையை இழுக்கும் அதே நொடியில் இவர் பட்டனை அமுக்குவார். விசை லொடலொடவென்று ஆடும். சத்தம் எதுவும் வராது. தோட்டா போடுவதற்குத் தூக்கி இழுக்கிற போல்ட் என்ற கைப்பிடி அசையவே அசையாது. ஒரு நாடகக் கம்பெனியைக் கலைத்தபோது கோட்டுகளோடு சேர்த்து வாங்கிய துப்பாக்கி அது. செத்த துப்பாக்கி, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று விற்றவர் சொன்னாராம். முதலாளி அதைத்தான் எல்லாரிடமும் சொன்னார். நானும் சொல்லியிருக்கிறேன்.

உள்ளறைக்கு இரண்டு சட்டம் உண்டு. கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. கரண்ட் போனால் உள்ளே இருக்கிறவர்கள் அசையக் கூடாது, ஏனென்றால் தரையெல்லாம் ஒயர், இருட்டில் யாராவது காலை வைத்தால் விளக்கு ஸ்டாண்ட் தலையில் விழும். ஒரு தடவை விழுந்திருக்கிறது. முதலாளியின் புருவத்தில் தழும்பு இருக்கிறது.

வேலை முடிந்து அறைக்குப் போனால் எனக்குப் பேச ஆள் கிடையாது. அறையில் இன்னும் மூன்று பேர் தங்கியிருக்கிறார்கள், மூன்று பேருக்கும் மூன்று ஷிப்டு. நான் வரும்போது ஒருவர் தூங்குவார், ஒருவர் கிளம்புவார். ஊருக்குப் போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், சாப்பிட்டேன் என்பேன், அதோடு முடிந்துவிடும். அப்படித்தான் நான் அந்த விளையாட்டுக்குள் போனேன்.

அது பழைய கம்ப்யூட்டர் போர் விளையாட்டு. செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது. எங்களைப் போன்றவர்கள் ஒன்பது பேர் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த விளையாட்டுக்குள்ளேயே அதற்கும் முந்தைய காலத்துப் போர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஒருவர் ஊர்களைக் கட்டினார், ஒருவர் சத்தம் சேர்த்தார். நான் துப்பாக்கிகள். படம் திருத்துகிற கை என்பதால் மரக்கட்டையின் கீறலும் இரும்பின் துருவும் எனக்கு நன்றாக வந்தன. படம் திருத்துவதற்குக் கடையில் டச்சிங் என்று பெயர், குழுவில் அதுவே என் பெயர்.

நான் செய்வதைச் சரிபார்ப்பவர் ஸ்க்ரூ அக்கா. தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். அதற்குமுன் ஒன்பது வருடம் ராணுவ ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைக் கொடுத்து வாங்கி வைக்கும் வேலையில் இருந்தவர். ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் நான் கம்ப்யூட்டரில் செய்த துப்பாக்கி மாடலைத் திருப்பி அனுப்பிவிடுவார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, குரல் மட்டும்தான். முதல் தடவை நான் ஒரு துப்பாக்கி செய்து காட்டியபோது, "ஏன்டா தம்பி, எல்லா ஸ்க்ரூவோட பிளவும் ஒரே பக்கம் பார்த்து நிக்குது? எந்தப் பட்டாளத்துக்காரன் இவ்வளவு அழகா திருகுவான்? இது துப்பாக்கியா, கல்யாண வீட்டுப் பந்தியா?" என்று கேட்டார். அன்றைக்கு ரொம்ப நாள் கழித்துச் சத்தமாகச் சிரித்தேன்.

கடைசியாகச் செய்யவேண்டிய துப்பாக்கி, எங்கள் ஸ்டுடியோவில் தொங்கும் அதே வகை. நிஜத் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று சொன்னதும் குழுவில் எல்லாரும் கும்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு. முதலாளியிடம் கேட்டேன். அவர் இரண்டாவது சாவியை எடுத்துக் கொடுத்தார். பழைய பிலிம் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டுக் கோத்த சாவி.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் வந்து போட்டோ எடுத்துக்கோ. போல்ட்டை மட்டும் அடிச்சு கிடிச்சு இழுக்காத, கட்டை பழசு."

ஐந்து வருடத்தில் இந்த ஊரில் ஒருவர் என்னிடம் சாவி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க அளந்தேன், இருநூற்றுச் சொச்சம் படம் எடுத்தேன். பாதிக்கு மேல் துப்பாக்கியின் பின்பக்கத்தை. விளையாடுகிறவன் கண்ணுக்குக் கீழே எப்போதும் தெரிவது அந்தப் பின்பக்கம்தான். குழல் முனையை அவன் பார்ப்பதே அபூர்வம். பின்பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கிறது, அதுதான் லாக். ஓய்வாக நிற்கும்போது வீரன் அதைக் கட்டைவிரலால் திருப்புவது போல ஒரு அசைவு வைக்க நினைத்தோம். "வலப்பக்கம் இருக்கிற மாதிரி ஒண்ணு, இடப்பக்கம் இருக்கிற மாதிரி ஒண்ணு, ரெண்டு போட்டோ வேணும்" என்று ஸ்க்ரூ அக்கா கேட்டிருந்தார். லாக் வலப்பக்கம் சாய்ந்து இறுகிக் கிடந்தது. கதவுக் கீலுக்கு வைத்திருந்த எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் பொறுத்துத் திருப்பினேன். டக்கென்று இடப்பக்கம் வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். அதைப் படம் எடுத்தேன். பிறகு துப்பாக்கியைத் துடைத்து, அது தொங்கிய ஆணியிலேயே மாட்டிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

லாக்கை மறுபடி வலப்பக்கம் திருப்பவில்லை. அதற்கு ஒரு காரணமும் கிடையாது. வேண்டிய படம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை எனக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் வேலை. பத்தரை மணிக்கு அறையில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தபோது ஸ்க்ரூ அக்கா கூப்பிட்டார்.

"டச்சிங், போட்டோ எல்லாம் இப்பதான் பார்த்தேன். அந்த லாக் நெஜமாவே திரும்புச்சா, இல்ல கம்ப்யூட்டர்ல திருப்புனியா?"

"நெஜமாத்தான்க்கா. ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், வந்துருச்சு."

அந்தப் பக்கம் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"ஏன்க்கா, ஸ்க்ரூ ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஸ்க்ரூ கெடக்கட்டும். போல்ட்டுக்குப் பின்னாடி ஒரு குமிழ் வெளிய நீட்டிட்டு இருக்கு பாரு. விரல் நகம் அளவுக்கு."

"ஆமா. அளந்து அப்படியேதான் செஞ்சிருக்கேன்."

"சுட்டு முடிச்ச துப்பாக்கின்னா அது உள்ள போயிருக்கணும். வெளிய நிக்குதுன்னா, சுடறதுக்கு ஏத்தி வச்சதுன்னு அர்த்தம். நான் முதல்ல நீ தப்பா செஞ்சிட்டேன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா போட்டோலயும் அப்படித்தான் இருக்கு. இன்னொண்ணு கேளு. இந்த வகையில, ஏத்தி வச்சிருந்தாத்தான் லாக் திரும்பும். ஏத்தலேன்னா நீ ஒரு குடம் எண்ணெய் ஊத்தினாலும் திரும்பாது."

"அக்கா, அது செத்த துப்பாக்கி. போல்ட் ஒட்டிக்கிச்சு. ட்ரிகரும் லூசு."

"லாக் போட்டா போல்ட் அசையாது, ட்ரிகர் லூசாத்தான் ஆடும். அது சாகல தம்பி. லாக் போட்டிருந்துச்சு."

கையிலிருந்த தேய்ப்புப் பெட்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. சட்டையில் வைத்திருக்கிறேன். பிறகு வந்து பார்த்தபோது முதுகில் பழுப்பாக முக்கோண அடையாளம் இருந்தது.

"உள்ள தோட்டா இருக்குமாக்கா?"

"பார்க்காம எப்படிச் சொல்றது? ஆனா காலித் துப்பாக்கியை ஏத்தி, லாக் போட்டு, எவனும் பத்திரமா வைக்க மாட்டான். ஒன்பது வருஷத்துல நான் பார்த்ததில்ல. இப்ப லாக் எந்தப் பக்கம் இருக்கு?"

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"டச்சிங். எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"கெளம்பு. யாரும் தொடக் கூடாது. போலீசைக் கூப்பிடு. நிக்காத, போ."

படிக்கட்டில் இறங்கிக்கொண்டே முதலாளிக்குப் போன் செய்தேன். படம் எடுக்கும்போது அவர் போனை மேசை டிராயரில் போட்டுவிடுவார், அது எனக்குத் தெரியும், இருந்தும் செய்தேன். கடை போனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் முன்பதிவு நோட்டு ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை என் கையால் எழுதியது, சனிக்கிழமையின் முதல் படம். 'சனி, 11.00. பாப்பா, மாப்பிள்ளை. சுடுகிற படம்.'

பாப்பா முதலாளியின் மகள். இருபத்தாறு வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர், எட்டு மாதம் கழித்து அந்த வாரம்தான் வந்திருந்தார். என்னை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். "மாமனாரைச் சுட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்குமா?" என்று சொல்லித்தான் அந்தப் படத்தைக் கேட்டார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. சலவைக் கடை, சாவி வெட்டுகிற கடை, பாலத்துக்கு அடியில் பழைய சைக்கிள் விற்கிற இடம், எல்லாவற்றையும் தாண்டி ஓடினேன். ஓடிக்கொண்டே போலீசுக்குப் பேசினேன். அவர்கள் முகவரி கேட்டார்கள். ஐந்து வருடமாகப் போய்வருகிற கடையின் கதவு எண் எனக்கு வாயில் வரவில்லை. சிக்னலில் நின்றபோது எதிர்க்கடைக் கடிகாரத்தில் பதினொன்றாக ஐந்து நிமிடம். முதலாளி நேரம் தவறாதவர். அன்றைக்கு மட்டும் தவறட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைக்குள் நுழைந்தபோது முதலாளியின் மனைவி கல்லாவில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, "இல்லம்மா, குழந்தையைத் தூங்கவச்சுக் கூட்டிட்டு வராதீங்க, எழுந்ததும் அழும்" என்று பேச்சைத் தொடர்ந்தார். உள்ளறைக் கதவுக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்தது.

"அக்கா, உள்ள..."

அவர் போனைக் கையால் மூடினார். "கண்ணு தெரியலையா உனக்கு? சிவப்பு எரியுது. ஏன் இப்படி மூச்சு வாங்குது, நாய் தொரத்துச்சா?"

கதவு வழியாக முதலாளியின் குரல் கேட்டது. "நெத்தியைப் பாருங்க மாப்பிள்ளை. அப்படித்தான். பாப்பா, கொஞ்சம் ஒட்டி நில்லு. ஒண்ணு..."

கதவைத் திறந்து கத்தினால் மாப்பிள்ளை திடுக்கிட்டு விசையை இழுத்துவிடுவார் என்று தோன்றியது. என்ன செய்வது என்று நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் மெயின் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. அதை இழுத்துவிட்டேன்.

கடை முழுக்க இருட்டு. ஜன்னல் இல்லாத உள்ளறை அதைவிட இருட்டு. முதலாளி முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் சொன்னார், "அசையாதீங்க. யாரும் அசையாதீங்க. ஸ்டாண்ட் விழும்."

கதவை மெதுவாகத் திறந்து போன் வெளிச்சத்தைத் தரையில் காட்டினேன். மாப்பிள்ளை கோட்டும் தொப்பியுமாகக் கன்னத்தைக் கட்டையில் ஒட்டி நின்றிருந்தார். அவர் தோளில் கை போட்டு பாப்பா. குழல் நேராகக் காமிராவை, அதாவது காமிராவுக்குப் பின்னால் இருந்த தலையைப் பார்த்திருந்தது. விரல் விசை வளையத்துக்குள் இருந்தது.

"மாப்பிள்ளை, விரலை வெளிய எடுங்க. மெதுவா."

"யாருங்க நீங்க?"

"டேய், சிவப்பு லைட் போட்டிருக்கும்போது..." என்றார் முதலாளி.

"மொதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அதுல தோட்டா இருக்கலாம். மாப்பிள்ளை, விரலு."

என் குரலில் என்ன இருந்ததோ, மாப்பிள்ளை விரலை எடுத்தார். குழலைத் தரைக்கு இறக்கினார். பாப்பா அவர் தோளிலிருந்து கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். முதலாளியின் மனைவி பின்னால் வந்து ஸ்விட்சைப் போட, விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரிந்தன.

முதலாளி சிரித்தார். "தோட்டாவா? கம்ப்யூட்டர்ல சுட்டுச் சுட்டு இவனுக்கு மூளை கொழம்பிப் போச்சு. முப்பத்தொரு வருஷம்டா. ஊரே இழுத்திருக்கு அந்த ட்ரிகரை." மாப்பிள்ளையின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். "இதுல தோட்டா எப்படிப் போடறதாம்? போல்ட்டே தெறக்காது. இங்க பாரு."

"அப்பா, வேணாம். கீழ வச்சிருங்க" என்றாள் பாப்பா.

நான் தடுப்பதற்குள் அவர் போல்ட்டைத் தூக்கினார்.

அது தூக்கிக்கொண்டது. சின்ன முனகல்கூட இல்லை. முதலாளியின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. தானாக இழுப்பது போலக் கை போல்ட்டைப் பின்னால் இழுத்தது. பச்சை படிந்த தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, பின்திரைக்காக விரித்த வெள்ளைக் காகிதத்தில் உருண்டது. உருண்டு பாப்பாவின் செருப்பில் முட்டி நின்றது.

இப்போது கரண்ட் இருந்தது, ஆனாலும் யாரும் அசையவில்லை.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் துப்பாக்கிக்குள்ளிருந்து இன்னும் நான்கு தோட்டாக்களை எடுத்து கல்லா மேசையில் வரிசையாக வைத்தார்.

"இவ்வளவு பழசு. வெடிச்சிருக்குமா சார்?" என்று மாப்பிள்ளை கேட்டார். கோட்டைக் கழற்ற மறந்திருந்தார்.

"வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். நீங்க இழுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "போல்ட் அசையாது, ட்ரிகர் ஆடும்னு சொல்றீங்க. அப்ப இத்தனை நாளும் லாக் போட்டிருந்திருக்கு. இப்ப எடுத்திருக்கு. யார் எடுத்தது?"

"யாரும் எடுக்கல சார். யாரும் தொடவே இல்ல. நேத்து கடையே லீவு" என்றார் முதலாளி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மூத்தவர் என்னைப் பார்க்கவில்லை. முதலாளியும் பார்க்கவில்லை. எனக்குச் சாவி கொடுத்ததை அவர் மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா என்று தெரியவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டு, துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

அன்று மீதிப் படங்களை ரத்து செய்தோம். முதலாளி ஸ்டூலைப் போட்டு முன்கடைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவரில் அவர் தேர்ந்தெடுத்து மாட்டிய நூறு படங்களுக்கு மேல் இருக்கும். நூறு துப்பாக்கி முனைகளும் அவரைப் பார்த்தன. தபால்காரர், பல் டாக்டர், பக்கத்துத் தெரு இரட்டையர். ஒரு படத்தில் பாப்பாவுக்கு நாலு வயது. துப்பாக்கி அவளைவிட உயரம். கீழே ஊன்றி, குழல் முனையில் மோவாயை வைத்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் நின்று துப்பாக்கியைப் பிடித்திருப்பது அவள் அம்மாவின் கை. விசைக்குப் பக்கத்தில் அந்தக் கை.

முதலாளியின் மனைவி அந்தப் படத்தைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "நாந்தான் சொன்னேன் மோவாயை வைக்கச் சொல்லி. நாந்தான் சொன்னேன்" என்றார்.

மாப்பிள்ளை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் வாழ்க்கை முழுக்க நீங்க எனக்கு அண்ணன்" என்றார். பாப்பா எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். நான் சாப்பிடட்டும் என்று எதிரே உட்கார்ந்திருந்தாள். முதலாளி என் தலையில் கை வைத்தார். எடுக்கவே இல்லை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் ஏங்கியது என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சாயங்காலம் ஸ்க்ரூ அக்கா கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"சரி. லாக்கை நீதான் திருப்புனேன்னு சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"தலையில கை வச்சாருக்கா."

"நான் ரெண்டு போட்டோ கேட்டதாலதான் நீ திருப்புன. என் பேரையும் சேர்த்துச் சொல்லு. அந்த மாப்பிள்ளை பையன் இன்னிக்குத் தூங்குவான்னு நெனக்கிறியா? தான்தான் ஏதோ கை வச்சு லாக்கைத் திருப்பிட்டோம்னு உருண்டுட்டு இருப்பான்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மாப்பிள்ளை கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றது ஞாபகம் வந்தது.

"மாடலை என்ன பண்றதுக்கா?"

"அது சரியாத்தான் இருக்கு. முதல் தடவையா ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டரைக்கு முதலாளி கடையைத் திறந்தார். மாப்பிள்ளையும் பாப்பாவும் வந்திருந்தார்கள். மூன்று பேரையும் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை லாக்கைத் திருப்பியது நான்தான், திருப்பி வைக்காமல் போனதும் நான்தான் என்று சொன்னேன். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி சாவியைக் கேட்டார். பிலிம் மூடியோடு கொடுத்தேன்.